வலது காலின் பழக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. ஃபோனில் என் குரல் கேட்டதும் அம்மாகிட்ட குடுங்கப்பா என்கிறாய், நானும் கொடுத்துவிடுகிறேன், மூன்று வருஷமாக நமக்குள் பேச்சு அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை. கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது பார், அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, புதுச் செருப்பு வாங்கியதிலிருந்து மாடிப்படி ஏறும்போது புலம்பல் குறைந்திருக்கிறது. சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது, பிளம்பர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் முந்தின தடவை வந்தவனைத் திட்டினார், மூன்று தடவையும் வந்தது அவரேதான். டிரைவிங் ஸ்கூலில் நான் ஓட்டச் சொல்லிக்கொடுத்த பழைய வண்டியை விற்றுவிட்டார்கள், பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் வைத்த அந்த வெள்ளை வண்டி. வாங்கிப்போனவர் இரண்டாவது பிரேக்கைக் கழற்றச் சொல்லிவிட்டாராம்.

போன வருஷம் நீ அனுப்பிய படத்தை அம்மா காட்டினாள். முழங்கால் தண்ணீரில் நிற்கிறாய், கையில் நீளமான தூண்டில், நூல் உன் தலைக்கு மேலே வளைந்து போகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆற்றுக்குப் போகிறாள் என்று அம்மா சொன்னாள். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிதானத்தை நான் பார்த்ததே இல்லை, என் பக்கத்தில் இருந்தபோது ஒருநாளும் நீ தோளைத் தளர்த்தி நின்றதில்லை. உன் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது, உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனேன். பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கும் பெண்ணின் பையில் இறகால் செய்த பூச்சி ஒன்று குத்தியிருந்தது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அது என்ன என்று சைகையில் கேட்டேன். தூண்டில் நுனியில் கட்டுவது, லீவு நாளில் மீன் பிடிக்கப் போவேன் என்றாள். ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவள் எனக்கு வாத்தியார், அவளுக்கு உன் வயதுதான் இருக்கும். அம்மா அவளை உங்க குருநாதர் என்கிறாள்.

முதல் மாதம் ஆற்றுப் பக்கமே கூட்டிப்போகவில்லை. நான் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தருவேனே, அதே மைதானத்தில், தூண்டில் முள்ளுக்குப் பதில் நூல் நுனியில் கம்பளித் துணுக்கைக் கட்டி வீசச் சொன்னாள். டிரைவிங் ஸ்கூல் பையன்கள் ஜன்னலில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதில் குச்சி லேசு, நூல்தான் கனம், நுனியில் இருப்பது புழு இல்லை, இறகைச் சுற்றிய பொய்ப்பூச்சி. உனக்குத் தெரிந்ததை உனக்கே பாடம் எடுக்கிறேன் பார், பழைய புத்தி எங்கே போகும். முன்னால் வீசுவதற்கு முன் தலைக்குப் பின்னால் போன நூல் முழுக்க நீளும்வரை கையை நிறுத்த வேண்டும் என்பதுதான் எனக்கு வரவேயில்லை, பாதியிலேயே இழுத்துவிடுவேன், நூல் என் காதில் சுற்றும். அந்தப் பெண் ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. பல் பிடுங்க வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரியே மெதுவாக, பின்னாடி போனது முழுசா நீளட்டும் சார், அதுவரைக்கும் உங்களுக்கு வேலை இல்ல என்பாள். நூறு தடவை சொல்லியிருப்பாள், நூறாவது தடவையும் முதல் தடவை சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் ஏழாவது தடவையே கத்தியிருப்பேன்.

ஆற்றில் இறங்கிய பிறகு வேறு கதை. மீன் வரும், பூச்சிக்குப் பக்கத்தில் தலையைக் காட்டும், அடுத்த நொடி காணாமல் போகும். மூன்று வாரம் இப்படியே. ஆற்றைத் திட்டினேன், பூச்சியைத் திட்டினேன். அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். மீன் கிட்ட வரும்போதெல்லாம் என் வலது கால் தானாக அழுத்துகிறது, கல் புரண்டு சத்தம் வருகிறது, மீன் ஓடிவிடுகிறது. முப்பத்தொரு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்த கால் அது, தண்ணீரில் நின்றாலும் கேட்குமா. அவள் திட்டவில்லை, கேட்டாள். "அது சரியாத்தானே வந்துச்சு சார், நீங்க ஏன் மிதிச்சீங்க?"

அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்கு இருபது வயது, நான் ஓட்டச் சொல்லித்தந்த நாள், மேம்பாலத்து ஏற்றம், ஞாபகம் இருக்கும். நீ கிளட்சை அழகாக விட்டாய், வண்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் பஸ் உரசுகிற மாதிரி வந்ததும் பயந்தது நான். மிதித்தது என் கால், அதனால்தான் வண்டி நின்று அணைந்தது. பின்னால் ஹார்ன் அடித்ததும் இறங்குடி என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன், நீ இறங்கி அழுதுகொண்டே வீடுவரை நடந்தாய். அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும், சொல்லவில்லை. சொல்லாதது போதாதென்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை உன் தப்பாக்கி வேடிக்கைக் கதையாகச் சொன்னேன், உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் நடுவிலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், அதற்குப் பிறகுதான் என்னோடு பேச்சை விட்டாய். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன் மகள் இன்றைக்கும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். நீ சரியாகத்தான் ஓட்டினாய் அம்மா. தப்பு என்னுடையது. மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டு.

போன சனிக்கிழமை ஒரு மீன் மாட்டியது, கை நீளம்கூட இல்லை. அது கிட்ட வந்தபோது கால் துடித்தது, அடக்கிக்கொண்டு நின்றேன். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்துவிட்டேன், ஒரு நிமிஷம் உள்ளங்கையில் கிடந்துவிட்டுப் போனது. அப்போது என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், நீ நிற்கிற நினைப்பில். அந்தப் பெண் நின்றிருந்தாள், நல்ல பெண்தான், ஆனாலும் நீ இல்லையே. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆற்றில் தண்ணீர் ஏறும் நாளில் தனியாக இறங்காதே, வழுக்காத செருப்பு போடு, வெறும் வயிற்றோடு போகாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும்.

மறந்துவிடாதே, அம்மாவை இரண்டு மாதம் வந்து இருக்கச் சொன்னாயே, டிக்கெட்டை இருபதாம் தேதிக்குள் எடுக்க வேண்டும். அவளுக்கு மட்டும் ஒன்றா, எனக்கும் சேர்த்து இரண்டா என்று கேட்டதற்கு அவள், அதை உங்க பொண்ணுகிட்ட நீங்களே கேளுங்க என்றுவிட்டாள். அதைத்தான் கேட்கிறேன். இரண்டு என்றால் நீ ஆற்றில் நிற்கும்போது பத்தடி தள்ளி நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். மனம் வரவில்லை என்றால் ஒன்று என்றே சொல், வருத்தப்பட்டாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் ஒன்று என்பதையும் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா