ஸஹனில் ஆறாவது ஆள்

செப்டம்பர் 3, புதன்
இன்றும் நெஞ்சுக்குள் ஒன்றுமில்லை. பசியுமில்லை, அழுகையுமில்லை, சாமானெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்ட வெறும் வீடு மாதிரி. கடையில் என் சிநேகிதி ஜஸ்லா பக்கத்தில் நின்று துணி மடிக்கும்போது மட்டும் கொஞ்சம் ஆளாகிறேன். இன்று அவள், புதிதாக வேலைக்கு வந்த அஸ்ராவோடு தேத்தண்ணி குடிக்கப் போனாள். பத்து நிமிஷம். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி
அந்த அஸ்ரா எல்லாத்துக்கும் சிரிக்கிறாள். பற்றிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்
கிளினிக். ஆளுமைக் கோளாறு என்றால் என்ன என்று டொக்டர் மறுபடி விளங்கப்படுத்தினார். இந்த வெறுமையும், கையைக் காயப்படுத்திக்கொள்வதும், செத்துப்போகலாம் என்று வருவதும் அதோடு சேர்ந்தவையாம். மெல்ல மெல்லக் குறையுமாம். என் அட்டையைப் பார்த்தார். மோசமான நேரத்தில் யாருக்குப் போன் எடுப்பது என்று நானே எழுதியது: ஜஸ்லா, உம்மா. மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும் என்றார். எனக்கு யார் இருக்கிறார்கள்?

செப்டம்பர் 10, புதன்
அட்டையை ஜஸ்லாவிடம் காட்டினேன். பேனையை வாங்கி அஸ்ராவின் நம்பரை எழுதிவிட்டாள்! "நானாட கலியாணத்துல நான் ஓடித் திரிவேன். எடுக்காட்டி இவளுக்கு எடு. நல்ல புள்ள." அப்ப என்னப் பத்தி அவகிட்ட செல்லிட்டாளா? இல்லை என்கிறாள். நம்பவா? வெட்டிவிடப் பார்த்தேன். ஜஸ்லாவின் கையெழுத்து. விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு
ஜஸ்லாவின் கூடப்பிறந்த நானாவுக்குக் கலியாணம். பெண்கள் பக்கம் பாய் விரித்து, பெரிய சோற்றுத் தட்டு, ஸஹன், ஒவ்வொன்றையும் சுற்றி ஆறாறு பேர். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஜஸ்லாவும் நானும் எந்த விருந்திலும் ஒரே ஸஹன். கோழித் துண்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். கை கழுவிவிட்டு வந்தால் ஆறும் நிறைந்துவிட்டது. ஆறாவது அஸ்ரா. துண்டு அவள் பக்கம் போனது. என் கண்ணாலயே பாத்தேன். "நஸ்மியா, இங்க எடமீக்கி, வா," என்று வேறு ஸஹனிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரெண்டு பேரும் நாசமாப் போவட்டும். இல்ல, ஜஸ்லா வாணாம். அவ மட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்
விடிந்ததிலிருந்து சாகவேண்டும் என்றே ஓடுகிறது. உம்மா தம்புள்ளையில், சாச்சி வீட்டில். அங்கே சிக்னல் இல்லை. ஜஸ்லா எடுக்கவில்லை, ஐந்து தரம். மிச்சம் அந்த நம்பர்தான். மாட்டேன். மாட்டவே மாட்டேன் —

செப்டம்பர் 16, செவ்வாய்
அவளுக்கே எடுத்தேன்.

"நான் நஸ்மியா. தனிய இருக்கப் பயமாயீக்கி," என்று மட்டும் சொன்னேன். "கதவத் தொறந்து வெச்சிட்டு வாசல்ல இரிங்க. போன வெக்க வாணாம்," என்றாள். வழி கேட்டபடி த்ரீவீலில் வந்து இறங்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். எனத்துக்கு, ஏது என்று ஒரு கேள்வி இல்லை. பிறகுதான், "என்ட நம்பர யாரு தந்த?" என்றாள். அப்படியென்றால் ஜஸ்லா உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் உம்மா வரும்வரை அவள் அசையவில்லை. உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று உம்மாதான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

அஸ்ராவை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஜஸ்லா அவளைப் பார்த்துச் சிரிப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. நேற்று மத்தியானம் கலியாண வீட்டுச் சோற்றுப் பார்சல் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டோம். இருந்த ஒரேயொரு கோழித் துண்டை என் பக்கம் தள்ளினாள். பிய்த்து, பாதியை அவள் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

சின்னப் பாதிதான்.