வாலில் கட்டிய கயிறு

மார்ச் 4, திங்கள்

காலையிலேயே வெயில். காத்து செத்துக் கிடக்கு. ஆஸ்பத்திரியில ஆட்டுக்கொல்லி தடுப்பூசி முகாம். ஒரு கிடா முட்டி முழங்கால் வீக்கம். சாந்தி டீச்சர் நாய்க்கு மருந்து எடுத்து வைக்கணும், மறந்துட்டேன்.

முகாம் முடியும்போது வனத்துறையிலருந்து போன். பெரியதாழையில ஓங்கில் ஒண்ணு உயிரோட கரை ஏறியிருக்காம். "டால்பின் மேடம். நீங்க அந்த ஊருதானே, வந்துருங்க."

எங்க ஊருதான். எங்க சகாயம் அண்ணனைப் போலீஸ் ஜீப்புல ஏத்துனதும் அதே கரையிலதான்.

போன வருசம் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. ஓங்கில் கரைக்கு வந்தா அப்படியே விட்டுட்டுப் போற பழக்கம் எங்க ஊர்ல கிடையாது. வாலுல கயிறு கட்டி, வள்ளத்துல ஆழத்துக்கு இழுத்துட்டுப் போய் விட்டுட்டு வருவாங்க. அப்பா செஞ்சாரு, அண்ணனும் செஞ்சான். போன வருசம் அண்ணன் அப்படி விட்டுட்டு வந்த மறுநாளே அது செத்து ஒதுங்குச்சு. வாலுல கயிறு தடம். தூத்துக்குடியிலருந்து நிபுணர் வந்தார். மூக்கைப் பொத்திக்கிட்டு தடத்தைப் பார்த்தார். "மீனவர்கள் கட்டிக் கொன்னிருக்காங்க" அப்படின்னு அறிக்கை. வயித்தைக்கூட திறக்கலை. நுரையீரலைப் பார்க்கணும் சார்னு நான் சொன்னதுக்கு, "மாட்டு டாக்டருக்குக் கடல்ல என்னம்மா வேலை"ன்னு ஊரு முன்னால சிரிச்சார்.

அண்ணனுக்கு ஜெயில், பிறகு ஜாமீன். வள்ளம் ஸ்டேஷன் வாசல்ல கிடந்து வெடிச்சுப் போச்சு. கேஸ் இன்னும் நடக்கு. கடல்ல பொறந்த மனுசன் இப்ப முத்தையாபுரத்துல உப்பு மூட்டை சுமக்கான்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கலை. மறக்கவும் மாட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

பார்த்ததுமே நோய்னு தெரிஞ்சுட்டு. கரையோரத் தண்ணியில ஒரே பக்கமா வட்டமடிக்கு. உச்சந்தலையில மூச்சுத் துளை வழியா நுரை. வாய்க்குள்ள புண்ணு. இருமுது, பிள்ளை இருமுற மாதிரியே. முதுகுத் துடுப்புல பழைய வெட்டு ஒண்ணு, பிறை மாதிரி.

நாய்க்கு வார டிஸ்டெம்பர், ஆட்டுக்கொல்லி, பிள்ளைகளுக்கு வார தட்டம்மை, எல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ். குளிர்க்கடல் பக்கம் கடல்நாய்களைக் கூட்டங்கூட்டமா கொன்னதும் அந்தக் குடும்பம்தான். ஓங்கிலுக்கும் வரும். மூளையில ஏறிட்டா திசை தெரியாது. கடலுக்குள்ள தள்ளினா திரும்பக் கரைக்கே வரும். போன வருசத்து ஓங்கிலும் இப்படித்தான் சுத்துச்சுன்னு அண்ணன் தலைதலையா அடிச்சுக்கிட்டான். கேக்க ஆளில்லை.

நிரூபிக்கணும்னா மூளையும் நுரையீரலும் வேணும், அழுகுறதுக்கு முன்னால. அதாவது இது சாகணும். மணல்ல முட்டி போட்டு அது கண்ணைத் துடைச்சுக்கிட்டே, செத்துரு செத்துருன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தேன். டாக்டராம்.

ஊர்க்காரங்க கையைக் கட்டிக்கிட்டு தள்ளி நின்னாங்க. சூசை அண்ணாச்சி சொன்னாரு, "தொட்டா கேஸுளா. சகாயத்துக்கு நடந்தது போதும்."

நிபுணர் வந்தார், டிவிக்காரங்களோட. வெள்ளை பேன்ட், முழங்கால் வரை மடிச்சு. "ஏன் சும்மா நிக்கீங்க? ஒரு உயிர் துடிக்குது. கயிறு கொண்டாங்க." யாரும் அசையலை. வனத்துறை படகுலருந்து கயிறு வந்துச்சு. கேமராவைப் பார்த்துக்கிட்டே வாலுல அவரே முடிச்சுப் போட்டார். என்கிட்ட, "நல்லா பார்த்துக்கோம்மா, இதுதான் மீட்பு."

நல்லாத்தான் பார்த்தேன். போன்ல படமும் எடுத்தேன். கயிறு, கை, முகம், பிறை வெட்டு, எல்லாம் ஒரே சட்டத்துக்குள்ள.

தார்ப்பாய்ல ஏத்திக் கொண்டுபோகணும். வாலுல கட்டி இழுத்தா உடம்பு பின்னால போகும், மூச்சுத் துளையில தண்ணி ஏறும். ஆஸ்பத்திரி வண்டியில தார்ப்பாய் இருந்துச்சு. நான் வாயைத் திறக்கலை. படகு அதை ஆழத்துக்கு இழுத்துட்டுப் போச்சு.

நீவாடு, அதான் கடல் நீரோட்டம், வடக்கே இழுக்கு. செத்தா குலசைப் பக்கம் ஒதுங்கும். மீன்காரன் மக எனக்கு அது தெரியும்.

மார்ச் 5, செவ்வாய்

பேப்பர்ல நிபுணர் படம். "டால்பினுக்கு மறுவாழ்வு." வெட்டி வச்சுக்கிட்டேன்.

வாங்க: ஐஸ் பெட்டி, பெரிய கத்தி, கையுறை. டீச்சர் நாய் மருந்து.

குலசை ஏலக்கூடத்துல சொல்லி வச்சாச்சு. ஒதுங்கினா முதல் போன் எனக்கு.

கோயில்ல தவக்காலப் பிரசங்கம். எதிரியை மன்னிக்கணுமாம். முன் பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். ஈஸ்டருக்கு அப்புறம் பார்க்கலாம் சாமி.

மார்ச் 6, புதன்

விடியக்காலம் போன். குலசை. அதேதான், பிறை வெட்டு. வாலைச் சுத்தி சதை அறுந்த தடம்.

நிபுணர் வாரதுக்குள்ள முடிச்சேன். நுரையீரல் ஈரல் மாதிரி கெட்டி, மூச்சுக்குழாய் பூரா தண்ணியும் மணலும். மூளை வீக்கம். துண்டு துண்டா ஐஸ்ல.

பத்து மணிக்கு வந்தார். அதே மூக்கைப் பொத்தல். துடுப்பு பக்கம் பார்க்கவே இல்லை, நேரா வாலுக்குப் போனார். "அதே கயிறு, அதே கொலை. இந்த மீனவர்கள் திருந்தவே மாட்டாங்க."

நான் மெதுவா கேட்டேன், "உறுதியா சார்? கயிறு கட்டினவங்கதான் கொன்னாங்களா?"

"இதுல சந்தேகம் என்னம்மா?"

"அதை கேமராவைப் பார்த்து ஒரு தடவை சொல்லிருங்க சார்."

சொன்னார். நிறுத்தி, அழகா சொன்னார்.

போனை நீட்டினேன். நிருபர்மாரு தலைக்கு மேல தலை வச்சுப் பார்த்தாங்க. படத்தைப் பார்த்தாங்க, செத்துக் கிடந்த துடுப்பைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க. மூக்கைப் பொத்துன கை கீழ இறங்குச்சு. "இது, இது வந்து, வேற..." யாரோ பின்னாலருந்து, "கட்டினவரு நீங்கதானே சார்?"

மாட்டு டாக்டருக்குக் கடல்ல என்ன வேலைன்னு கேட்டாருல்ல. இந்த வேலைதான்.

ராத்திரி ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். நல்லா தூங்கினேன்.

மார்ச் 22, வெள்ளி

புழுக்கம். கரண்ட் இல்லை. ரிசல்ட் வந்துட்டு. மூளையிலயும் நுரையீரல்லயும் வைரஸ் இருக்கு. நான் சொன்ன அதே குடும்பம்.

அண்ணனோட வக்கீலுக்கு இருப்புக் கொள்ளலை. கயிறு தடத்தை வச்சுக் கொலைன்னு சொல்ல முடியாது, நிபுணரைக் கூண்டுல ஏத்தி அவர் வாயாலயே சொல்ல வச்சுருவேங்காரு. கேஸ் நிக்காதாம். டீச்சர் நாய் தேறிட்டு.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். குதிப்பான்னு நினைச்சேன். எல்லாத்தையும் சொன்னேன், நிபுணர் மூஞ்சி போன போக்கை ரெண்டு தடவை சொன்னேன்.

அவன் கேட்டது வேற. "கயிறு கட்டையில அது உயிரோட இருந்துச்சா?"

"இருந்துச்சு. எப்படியும் செத்துருக்கும் அண்ணே, நோய் முத்திட்டு."

"நீ அங்கன நின்னியா?"

"நின்னேன்."

"வாலுல கட்டி இழுத்தா மூச்சுல தண்ணி ஏறும்னு இப்ப சொன்னியே. அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."



"நான் கட்டினப்போ எனக்குத் தெரியாதுளா" அப்படின்னான். போனை வச்சுட்டான்.

திரும்ப அடிச்சேன். எடுக்கலை.

தார்ப்பாயை வண்டியிலருந்து எடுத்து ஸ்டோர்ல போட்டேன். நிபுணர் கூண்டுல ஏறட்டும். கோர்ட்டுலயும் முன் பெஞ்சுலதான் உக்காருவேன், அண்ணன் வந்தாலும் வராட்டாலும்.