கூட்டெழுத்துக்கு முதற்பரிசு

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கூட்டெழுத்துப் போட்டி. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எழுத்தைச் சேர்த்து எழுதினால்தான் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்பது எங்கள் அதிபரின் கண்டுபிடிப்பு. அவரோ இரண்டு வரிக் கடிதத்தையும் கிளார்க்கிடம் கொடுத்து ரைப் பண்ணுவிக்கிறவர். எங்கள் ஆலங்குடாக் கடலில் இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் சறுக்க வரும் வெள்ளைக்காரரிடம் ஒரு வாக்கியம் கதைக்க எங்கள் பிள்ளைகளுக்கு வராது. அதற்கு நேரமும் இல்லை. கிழமையில் மூன்று பாடவேளை நாலுகோட்டுக் கொப்பியில் வளைவும் கொக்கியும் போட்டே தீர்ந்துவிடுகிறது.

ஐந்தாம் வகுப்பு ரிஸ்மினாவின் தாள் அச்சடித்த மாதிரி இருந்தது. பெருநாளைக்கு அயல்வீட்டுப் பெண்களுக்கெல்லாம் மருதோன்றி போட்டுவிடும் கை அது. நடுவராக வந்த அதிகாரி அசந்துபோய், "மகள், இத ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

"வாசிக்கத் தெரியா சேர். பாத்துக் கீறின."

அதிகாரி சிரித்தார். அதிபரும் சிரித்து, "வாசிப்பு மெல்ல மெல்ல வரும் சேர், கையெழுத்தப் பாருங்க!" என்றார். வெட்கங்கெட்ட மனிதர். முதற்பரிசு அவளுக்கே.

மூன்று வருடமாக அவளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவள் நான். நானும் சேர்ந்து கை தட்டினேன்.

சான்றிதழையும் அதிபர் சொன்னபடி கூட்டெழுத்தில் நானே எழுதினேன். மேடையை விட்டு இறங்கியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இதுல என்ட பேர் எங்க இரிக்கு?"