நாமக்கோழி வாத்து இல்லையாம், அக்கா

என் வாயாடி அக்கா தேவிக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஏரி இருக்கிறதா? இங்கே கொரட்டூர் ஏரி நிறைந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்காக நாம் எழுதிய பறவைப் புத்தகமும் முடியப்போகிறது.

தெருப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டாத பக்கம் அச்சுக்குப் போகக் கூடாது என்றாயே, நினைவிருக்கிறதா? நீ எழுதிப் படிப்பாய். நான் படம் வரைந்துவிட்டு உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். காய்ச்சலில் நீ போன பிறகு, ஏரிப் பறவை நாமக்கோழியைப் பற்றிய உன் கடைசிப் பக்கம் மட்டும் படிக்கப்படாமல் இருந்தது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்கு நாலு பேர் முன்னால் குரல் வருமா?

ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அதைப் படித்தேன். "நாமக்கோழி ஒரு வாத்து" என்றதும் எதிர்வீட்டு யாமினி எழுந்துவிட்டாள்.

"இன்னாக்கா, வாத்துன்ற? வாத்துக்கு வெரலு நடுவுல தோலு ஒட்டிகினு இருக்கும். இதுக்கு வெரலு தனித்தனியா கீது. எங்க ஊட்ல வாத்து வளக்குறோம், எனக்குத் தெரியாதா?"

"தேவி அக்கா எழுதினதுடி" என்றேன்.

"தேவி அக்கா எழுதுனா கோழி வாத்தாயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ போன பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. நீ உன் கையால் எழுதிய கடைசிப் பக்கத்தின் முதல் வரி. அதை எப்படி அடிப்பேன்? அம்மாவோ, "அப்டியே வுடுடி, கொழந்தைங்களுக்கு இன்னா தெரியப் போவுது" என்றாள். நீ இருந்திருந்தால் அம்மாவோடு சண்டைக்குப் போயிருப்பாய், இல்லையா?

மறுநாள் விடியலில் யாமினியோடு ஏரிக்கரைக்குப் போனேன். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு ஒன்று கரையேறியது. ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாக இலை போல மடல்! நூலகப் புத்தகத்திலும் பார்த்துவிட்டேன். அது கானாங்கோழிக்குத்தான் சொந்தக்காரப் பறவையாம், வாத்துக்கு இல்லையாம். யாமினி கெத்தாக என்னைப் பார்த்தாள்.

உன் வரியை அடித்துவிட்டேன், அக்கா. இப்போது அந்தப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "நாமக்கோழியை வாத்து என்றுதான் நாங்களும் நினைத்தோம். அதன் காலைப் பாருங்கள்."

அந்த 'நாங்கள்' நீயும் நானும். அட்டையிலும் அப்படித்தான், உன் பெயர் முதலில்.

இனி எல்லாப் பக்கத்தையும் நானே படித்துக் காட்டுவேன், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. தப்பு வந்தால் திருத்துவேன். உன் தப்பானாலும் விடமாட்டேன்.

உன் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்துவிட்ட தங்கச்சி,
மீனா