பதினாறு நாள் எண்ணெய் விடாத லேத்து

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து இரும்பு கடைகிற புது லேத்து வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்தபோது வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு சின்னப் புத்தகம் விழுந்தது. எனக்குத்தான் இங்கிலீசு எழுத்தைக் கண்டால் தலை சுற்றுமே, பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். எந்தத் துளையில் எந்த எண்ணெய், எத்தனை சொட்டு, எப்போதெப்போது என்று ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். "கெழமையப் பாத்து விடுறது இல்ல பாய். எவ்வளவு ஓடுதுன்னு பாத்து விடணுமாம். நெறைய ஓடுனா சீக்கிரம், தூசியிருந்தா இன்னும் சீக்கிரம்" என்றார் வாத்தியார். அவரை அனுப்பிவிட்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் வெறித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, ஆனால் அது சொல்வது எனக்குத் தெரியும். நீ போய் இரண்டு வருஷமாகிறது.

பழைய லேத்து உனக்கு நினைவிருக்கும், இல்லாமலா? காஜா பெராங் சாலையோரத்துத் தகரக் கொட்டகையில் அது ஒன்றுதான் சொத்து. முதலாளி என் மாமனார். எனக்கு முன்னாலேயே நீ அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். "நான் கைத்தொழிலால உள்ள வந்தேன், பாய் கல்யாணத்தால வந்தாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். கோபம் வரும். ஆனால் உண்மை அதுதானே.

அந்த லேத்துக்கு எண்ணெய் விடுவது உன் வேலை. வேறு யாரும் குப்பியைத் தொடக்கூடாது. இரண்டு பேர் விட்டால் ஒன்று இரண்டு மடங்காகும், இல்லாவிட்டால் அவன் விட்டிருப்பான் என்று இவனும் இவன் விட்டிருப்பான் என்று அவனும் விடாமலே இருந்துவிடுவார்கள் என்பாய். தினம் விட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு, "எண்ணெ அதிகமானா இரும்புத்தூளு வந்து ஒட்டிக்கும் பாய். அப்புறம் அது எண்ணெ இல்ல, அரம்" என்றாய். சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து, லேத்தைத் துணியால் துடைத்து, அதற்கும் எண்ணெய் விடுவாய். உனக்கு ஒரு நாள், அதற்கும் அதே நாள். வருஷக்கணக்கில் அது தவறவில்லை.

உன் அப்பா இறந்தபோதுதான் முதல்முறை தவறியது. காரியம் முடிகிறவரை நீ தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தாய், ஆனால் குப்பியை எடுக்கவில்லை. நான் எடுக்கப் போனதற்குக் கையைப் பிடித்துக்கொண்டாய். "எனக்கே பதினாறு நாளு எண்ணெ கெடையாது. அதுவும் என்னோட சேந்து புவாசா இருக்கட்டும் பாய். நீ மட்டுந்தான் நோம்பு புடிப்பியா?" என்றாய். அழுத கண்ணோடுதான் கேலி செய்தாய். அப்போது ரப்பர் விலை விழுந்து கிடந்தது, தோட்டங்களிலிருந்து வேலையே வரவில்லை, லேத்து பாதி நாள் சும்மா நின்றது. பதினாறு நாளும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால்தான் உன் அம்மா இறந்தபோதும் நான் குப்பியைத் தொடவில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த முறை நீ வீட்டோடு இருந்துவிட்டாய். அந்த நேரம் பார்த்து, ரப்பரைத் தகடாக உருட்டும் இயந்திரங்களுக்குத் திருகு வேண்டும் என்று ஒரு தோட்டத்துத் துரை ஆள் அனுப்பினார். உருளைகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள், மரை ஒரு மயிரிழை பிசகினாலும் தகடு ஒரு பக்கம் தடித்துவிடும். மாமா காலையும் மாலையும் வந்து நின்று, "ஆச்சா, ஆச்சா" என்று உயிரை வாங்கினார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை நான் ஒருவனே ஓட்டினேன். முதல் சனிக்கிழமை குப்பியைக் கையில் எடுத்தேன். உன் வீட்டில் இன்னும் துக்கம் கழியவில்லை, நீ அறியாமல் இதைச் செய்தால் மனசு நோவாய் என்று நினைத்து, திரும்ப அதன் இடத்திலேயே வைத்தேன்.

அது மரியாதையா, சோம்பலா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. ஏனென்றால் இரண்டாவது வாரம் அது கத்த ஆரம்பித்தது. கருவியை இழுத்துச் செல்கிற நீளத் திருகுத் தண்டில் ஒரு கீச்சுக் குரல். பித்தளை சூடாகிற வாடையும் வந்தது. எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் ஓட்டினேன். நாலு நாளில் நீ வந்துவிடுவாய், வந்து பார்த்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன்.

மொட்டைத் தலையோடு வந்தாய். வந்ததும் என்னிடம்கூடப் பேசாமல் அந்தத் தண்டில் விரலை வைத்து இழுத்தாய். விரலில் மஞ்சளாகப் பித்தளைத் தூள். தண்டைக் கவ்விப் பிடிக்கிற நட்டின் பல்லெல்லாம் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நீ என்னைப் பார்த்தாய். துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாய். நான் வெட்டிய திருகுகள் முந்தின நாளே வண்டி ஏறிவிட்டிருந்தன.

அத்தனையும் திரும்பி வந்தன. எதிலும் மரை ஒழுங்காக இல்லை. வேறு வேலையும் இனி உங்களுக்கு இல்லை என்று துரை சொல்லி அனுப்பிவிட்டார். மாமா அந்தத் தேய்ந்த நட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது கண்ணிலேயே நிற்கிறது.

"இதுக்கு எண்ணெ விடுறது யாரு வேல?"

"என் வேலதான் மொதலாளி."

"போறப்ப இவர்ட்ட சொல்லிட்டுப் போனியா?"

"சொல்லல."

அது நிஜம், நீ சொல்லவில்லை. நான் உன் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அது கத்தியது, எனக்குக் கேட்டது, இரண்டு சனிக்கிழமை குப்பி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. நீ என் வாயையே பார்த்தாய். நான் அளவுகோலைப் பார்த்தேன். மாமா உன்னை அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

லேத்தைக் கெடுத்தவன் என்ற பேர் உனக்கு முன்னால் நடந்து கடற்கரைப் பக்கத்துப் பண்டார் ஹிலிர் வரை போய்விட்டது. ஒரு பட்டறையிலும் உன்னைச் சேர்க்கவில்லை. மூன்று மாதம் வீட்டில் இருந்தாய். பட்டறையிலிருந்து உன் சந்து எவ்வளவு தூரம்? ஒரு சுருட்டு பாதி எரிவதற்குள் வந்துவிடலாம். நான் அந்தச் சந்தைத் தாண்ட வேண்டாமென்று கோவில் பக்கம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாளைக்கு, வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு, பெருநாள் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அப்புறம் நீ அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பு பார்க்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அன்று மூச்சு லேசாகியது. இனி அந்தச் சந்து வழியே போகலாமே என்று நினைத்தேன். இப்படிப்பட்டவன் நான்.

அங்கே காய்ச்சல் கண்டு நீ திரும்பவே இல்லை.

சேதி வந்த பிறகுதான் உன் வீட்டுப் படியேறினேன். என்னை எப்போதும் அண்ணே என்று கூப்பிடும் உன் மனைவி அன்று, "உக்காருங்க பாய்" என்றாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"தெரியும் பாய். அவருக்கும் தெரியும். மொதலாளிகிட்டப் போயி உள்ளதச் சொல்லுங்கன்னு நான் சண்டை போட்டேன். மாட்டேன்னுட்டாரு. 'அவன் மாமனார்கிட்ட சொல்ல வேணாம், எங்கிட்ட வந்து சொன்னாப் போதும், வருவான்'னாரு. மூணு மாசமும் சாயங்காலம் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்லதான் உக்காந்திருந்தாரு."

அவள் அழவில்லை. திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து நேராக மாமாவிடம் போனேன். அவர் கடைசல் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியதையும் சொன்னேன். உன் கூலியையும் பேரையும் உன் வீட்டுக்குச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் திட்டினார். மாடு என்றார், கூறுகெட்டவன் என்றார், உனக்குப் போய்ப் பெண் கொடுத்தேனே என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மூச்சு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் பொஞ்சாதிக்கு மாசாமாசம் நான் பணம் அனுப்புறேன். சாப்டியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். நான் பேசத் தொடங்கும்போது எதிர்க்கடைப் பையன் அவர் பெஞ்சில் கொண்டுவந்து வைத்த காப்பி இன்னும் சூடாகவே இருந்தது. அந்த நேரத்துக்குள் முடிந்துபோகிற ஒரு திட்டு. அதற்குப் பயந்துதான், நீ சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வாசலுக்கு, மூன்று மாதமும் நான் வரவில்லை.