பரிசத்துக்கு முன் வந்த ரிப்போர்ட்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். முதல் வேலை, மகள் இனியாவின் யூரினைச் சோதனைக் குழாயில் காய்ச்சியது. கெட்டித் தயிராகத் திரிந்தது. மூன்று பிளஸ். புரதம் அப்படியே போகிறது. ஐந்து மாதமாக இதே கதை. எட்டு மணிக்கு ஸ்டீராய்டு. உப்பில்லாத இட்லி, தட்டைத் தள்ளிவிட்டாள். நாலு வயதுக் குழந்தைக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

மாடி வீட்டு அக்கா: "பாப்பா கொழுகொழுன்னு ஆயிட்டாளே, என்னங்க குடுக்குறீங்க?" வீக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துத் தொலைத்தேன்.

வாங்க: மாத்திரை, யூரின் காய்ச்சும் விளக்குக்கு ஸ்பிரிட், தங்கை கலையின் பரிசத்துக்கு வளையல்.

ஜூலை 9, புதன்

ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூருக்கு பஸ். நிற்க இடமில்லை. ஜீன் ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டரம்மா தாளில் படம் போட்டுக் காட்டினார். என்னிடம் ஒரு பழுது, இவரிடம் அதே பழுது. எங்களை ஒன்றும் செய்யாது. இரண்டும் பாப்பாவிடம் சேர்ந்துவிட்டன. கிட்னியின் வடிகட்டி பிறவியிலேயே ஓட்டை. அபூர்வமாம்.

"இந்த வகைக்கு ஸ்டீராய்டு கேக்காதும்மா. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம்."

போகப்போகக் கிட்னி ஓயும். பிறகு மாற்றுக் கிட்னி. ஐந்து மாதம் வாயைப் பிளந்து ஊட்டியதெல்லாம் வீண்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"அம்மாவோட தம்பி."

எழுதிக்கொண்டார். குடும்பத்தில் இனி யாருக்காவது இப்படிப் பேசினால் முதலில் ரத்தம் பார்க்கச் சொன்னார். கலைக்குப் பேசியிருப்பதும் அம்மாவின் கடைசித் தம்பியைத்தான்.

ஜூலை 10, வியாழன்

மணப்பாறைக்கு, அம்மாவுக்குப் போன். எல்லாம் சொன்னேன்.

"வாய மூடு. ஞாயித்துக்கிழமை பரிசம். எங்க வம்சத்துல யாருக்குடி கிட்னி போச்சு?"

இவரைப் பார்த்தேன். சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டே, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்." இவருக்கு அக்கா இருக்கிறாள். எனக்கு? இரண்டு பேரையும் வெறுக்கிறேன். எழுதியாகிவிட்டது.

ஜூலை 12, சனி

இனியாவுக்கு இமை திறக்க முடியாத வீக்கம். "ஒரே ஒரு முறுக்கும்மா." கொடுக்கவில்லை. அழுது தூங்கினாள்.

மதியம் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் கலைக்கு அனுப்பினேன். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, ரத்தம் மட்டும் பாருங்கள் என்று கீழே எழுதினேன். பார்த்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் பதில்.

"அம்மா எல்லாம் சொல்லிட்டாங்கக்கா. நீ மருந்து ஒழுங்கா குடுக்கலையாம். என் கல்யாணத்துல ஏன் கை வைக்கிற? நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வராத. எல்லாரும் கேப்பாங்க."