இலஞ்சி என்று போட்டேன்

ஜூன் 10, செவ்வாய்

ஐந்தருவியில் பெண்கள் உடை மாற்றும் அறையைப் பற்றி நான் எழுதியது நேற்று எங்கள் பேப்பரில் வந்தது. ஆறு கதவுகள், நான்கில் தாழ்ப்பாள் இல்லை. இன்று மணிமுத்து அண்ணாச்சியின் பேப்பரில் அதே செய்தி, அதே வரிசை. "நமது நிருபர் உள்ளே சென்று பார்த்தபோது" என்பதுகூட அப்படியே. அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது, பெரிய மீசை. எப்படி உள்ளே போனார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மற்ற இரண்டு பேப்பர்களிலும் கொஞ்சம் சுருக்கி வந்திருக்கிறது.

ஜூன் 11

எங்கள் தென்காசி அலுவலகப் பொறுப்பாளர் சங்கரநாராயணன் சாரிடம் சொன்னேன். "நியூஸுக்கு என்னம்மா பட்டாவா வாங்க முடியும்? விடு அனுசியா" என்றார்.

பதினொரு வருடமாக விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் பிரானூர் அருகே ஒரு பள்ளி வேன் பாலத்துச் சுவரில் மோதி நின்றது. பிள்ளைகளுக்குக் காயமில்லை. டிரைவர் குடித்திருந்தார். கைது. வல்லத்தைச் சேர்ந்த குற்றாலிங்கம், வயது 46. நேரில் போன நிருபர் நான் ஒருத்திதான்.

கிடைத்ததை நிருபர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது எங்களுக்குள் வழக்கம். எல்லாவற்றையும் போட்டேன். ஊரை மட்டும் வல்லம் என்பதற்குப் பதிலாக இலஞ்சி என்று போட்டேன். எங்கள் பேப்பருக்கு வல்லம் என்றே அனுப்பினேன்.

ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். யார் கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஜூன் 18

மூன்று பேப்பரிலும் இலஞ்சி. சிரித்தேன், சத்தமாகவே. நான்கு பேப்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து சாருக்கு அனுப்பினேன்.

ஜூன் 21, சனி

அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். பெயர் மாரித்தாய். இலஞ்சி. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். கணவர் பெயர் குற்றாலிங்கம்.

"நாலு பேப்பர்ல நீங்க ஒருத்திதாம்மா சரியா எழுதியிருக்கீய. அந்த மத்த பேப்பர்க்காரவள்ட்ட நீங்க எடுத்துச் சொல்லணும். வேன்ல பதினாறு பிள்ளைய வந்துது. பதிமூணு பிள்ளைய நின்னுட்டு. மூணு பேப்பர்ல ஒண்ணு போல பொய்யா போடுவாவன்னு கேக்காவ."

ஸ்டேஷனில் எழுதி வாங்கிக் காட்டலாமே என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

"காட்டியாச்சும்மா. அவுக முன்ன குடிச்சவுகதான். விட்டு ஏழு வருசம் ஆச்சு. அதான் எல்லாரும் நம்புதாவ." கையிலிருந்த பேப்பரை மடித்தார். "பேப்பர் வந்த அன்னைக்கு நானே அவுக வாயை மோந்து பாத்துட்டேன்மா. அதுக்குப் பொறவு என்கூட அவுக பேசல."

சொல்லிப் பார்க்கிறேன் என்று அனுப்பினேன். போகும்போது கும்பிட்டார்.

ஜூன் 22

ஏன் இலஞ்சி? வாய்க்கு வந்தது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு குற்றாலிங்கம் உண்டு. அது எனக்குத் தெரியாதா? தெரியும். பொறந்து வளர்ந்ததே இங்கனதான. அப்புறம் எப்படிப் போட்டேன் — யோசிக்கல. மணிமுத்து அண்ணாச்சி முகத்தை மட்டுந்தான் நினைச்சேன்.

ஜூன் 23, திங்கள்

சாரிடம் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "நம்ம பேப்பர்ல சரியாத்தான வந்திருக்கு. நாம எதைத் திருத்த?"

கலெக்டர் அலுவலகத்தில் இன்று மனு வாங்கும் நாள். மற்ற மூன்று பேப்பர் நிருபர்களும் அங்கே இருந்தார்கள். வேப்பமரத்தடியில் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேர் கத்தினார்கள். அண்ணாச்சி கத்தவில்லை.

"வேணும்னேவா போட்ட?"

"ஆமா அண்ணாச்சி."

"எனக்காவா?"

ஆமாம் என்றேன். மறுப்புச் செய்தியை நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். அப்படியே எடுத்துப் போடுங்கள் என்று மூவரிடமும் கொடுத்தேன். அண்ணாச்சி அதை வாங்கவில்லை. அங்கேயே நின்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

ஜூன் 25

மூன்றிலும் வந்துவிட்டது. உள்பக்கம், நான்கு வரி. என் பெயர் எதிலும் இல்லை. அண்ணாச்சியைக் கேட்டேன்.

"உம் பேரைப் போட்டா, நாங்க உன்னைப் பாத்துத்தான் எழுதுதோம்னு ஊருக்கே தெரிஞ்சிரும்லா" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஜூன் 26

இலஞ்சிக்குப் போனேன். குற்றாலிங்கம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுவதையும் கேட்டார். மாரித்தாய் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார்.

"ஊரை மாத்தணும்னா, இல்லாத ஊரு ஒண்ணைப் போட்டிருக்கலாம்லாம்மா" என்றார் அவர். அப்புறம் டயரைக் கழுவப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 2

வேனில் ஒன்பது பிள்ளைகள் வருகிறார்களாம். இலஞ்சிக்காரர் ஒருவர் சொன்னார். மாரித்தாய் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

குரூப்பிலிருந்து என்னை நீக்கவில்லை. நான் போடுவதை யாரும் எடுப்பதுமில்லை.

காற்றில் செங்கோட்டை ரோட்டில் மரம் விழுந்து இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. நான் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் மணிமுத்து அண்ணாச்சி நனைந்தபடி வந்தார். இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு சம்பவ இடத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

"எத்தனை வண்டி நிக்கி?"

"நாப்பது இருக்கும் அண்ணாச்சி."

"சரி" என்று தலையாட்டிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு வண்டிகளை எண்ணிக்கொண்டே நடந்தார்.

நானும் பின்னால் போய் எண்ணினேன். முப்பத்தொன்று.